மண்ணில் இருக்கிறது, பயிருக்குக் கிடைக்கவில்லை

(இராமநாதபுரம் ஜில்லா விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, குத்தகைப் பாதுகாப்பு, நூறு நாள் வேலை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இந்த வகுப்பில் இன்று பயிரின் வேரைப் பற்றிப் பேசப் போகிறேன். “இதெல்லாம் விவசாய இலாகா அதிகாரி சொல்ல வேண்டிய சமாச்சாரமாயிற்றே” என்று ஒரு தோழர் வரும்போதே கேட்டுவிட்டார். அதிகாரி வந்து சொல்லும் கூட்டத்துக்கு நிலச் சொந்தக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள். வயலில் இறங்கி உரம் தூவுகிறவனையும், களை எடுக்கிற தாயையும் யார் கூப்பிடுகிறார்கள்? அதனால்தான் இங்கே பேசுகிறேன். நான் ரசாயனப் பண்டிதன் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தெரிந்துகொண்ட மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசியில் மழை இல்லையென்றால் கூலி போயிற்று. அது நமக்குத் தெரிந்த கஷ்டம். மழையும் பெய்து, யூரியாவும் போட்டு, களையும் எடுத்து, அதற்குப் பிறகும் பயிர் குட்டையாகி நின்றால் பழி யார் தலையில் விழுகிறது? திருவாடானைப் பக்கத்து ஊர் ஒன்றில் நானே பார்த்தேன். வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் துருப்பிடித்தாற்போல் நின்றது. “களை எடுக்கிறேன் என்று வேரைப் பிய்த்துவிட்டார்கள்” என்று சொல்லி நிலக்காரர் பன்னிரண்டு பெண்களுக்குக் கூலியில் பிடித்தம் செய்தார். பிறகு மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் அந்த வயலில் பயிருக்கு எட்டும்படியான துத்தநாகம் இல்லை என்று தெரிந்தது. பிடித்த கூலி திரும்பி வரவில்லை. இது தெரிந்திருந்தால் அந்தத் தாய்மார்கள் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பார்கள்.

பஞ்சும் டிராவலரும்

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் எல்லோருக்கும் தெரியும். இவற்றைத் தவிர இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் என்று எட்டு சத்துக்கள் பயிருக்குத் துளித் துளியாகத் தேவை. நுண்சத்துக்கள் என்று பெயர். (குளோரின் என்பது கறியுப்பில் பாதி. நம் கடற்கரையில் அதற்கு என்றைக்கும் பஞ்சமில்லை!)

துளியளவு தேவைப்படுவது இல்லாமற்போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மில் தோழர்களுக்கு இது எளிதாகப் புரியும். ரிங் பிரேமில் வளையத்தின் மேல் ஓடுகிற டிராவலரை நினைத்துக்கொள்ளுங்கள். நகக்கண் அளவுகூட இராத கம்பித் துண்டு. அது தெறித்துப் போனால் நூல் அறுந்து அந்தக் கதிர் சும்மா சுற்றுகிறது. பேல் பேலாகப் பஞ்சு இருந்தும் அந்தக் கதிரில் நூல் இல்லை. தழைச்சத்து பஞ்சு மாதிரி. பயிரின் உடம்பே அதனால் ஆவது. துத்தநாகம் டிராவலர் மாதிரி. பயிருக்குள் சத்தைச் சமைக்கும் நொதிகள் பலவற்றில் ஒரு சிறு உறுப்பாக அது உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாத வயலில் இன்னொரு மூட்டை யூரியா கொட்டுவது டிராவலர் இல்லாத கதிருக்கு இன்னும் பஞ்சு கொண்டுவந்து கொட்டுவதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து வேண்டும். துத்தநாகம் சுமார் 50 கிராம் போதும். ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்தால் 100 கிராம். இனி மண்ணில் எவ்வளவு இருக்கிறது? ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் ஏறக்குறைய 900 டன். சாதாரணமான மண்ணில் டன்னுக்கு 50 கிராம் துத்தநாகம் உண்டு. ஆக ஏக்கருக்கு 45 கிலோ! நானூறு போகத்துக்குக் காணும். இரும்பின் கணக்கு இன்னும் பெரிது. அது டன் கணக்கில் கிடக்கிறது. மண்ணின் செம்மை நிறமே இரும்புத் துருதான்.

பிறகு ஏன் பயிர் பட்டினி கிடக்கிறது? கிடங்கு நிறைய அரிசி இருந்தும் ரேஷன் கடையில் “ஸ்டாக் இல்லை” என்று பலகை தொங்கினால் ஜனங்கள் பட்டினி கிடப்பதில்லையா? மண்ணிலும் அதே கதை. அந்த 45 கிலோவில் பெரும்பகுதி கல்லுக்குள்ளும் களிக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீரில் கரைந்து வேருக்கு எட்டும் நிலையில் இருப்பது மிகச் சொற்பம். சோதனைச் சாலையில் பார்ப்பது அந்தச் சொற்பத்தைத்தான். அது டன் மண்ணுக்கு ஒரு கிராமுக்கும் கீழே போனால் நெல்லுக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பூட்டுப் போடுவது எது?

முக்கியமான பூட்டு சுண்ணாம்பும் காரமும். மண்ணின் கார அமில நிலையை 0 முதல் 14 வரை எண்ணால் அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்கு மேலே காரம். இந்த எண் ஒன்று ஏறினால் துத்தநாகத்தின் கரையும் தன்மை நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இரும்புத் துரு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நம் ஜில்லாவில் 8ஐத் தாண்டிய நிலங்கள் ஏராளம். இராமேசுவரம் தீவின் அடித்தளமே பழைய பவளப் பாறை, அதாவது சுண்ணாம்பு. கரையோர மணலில் சிப்பி, சங்குத் தூள் கலந்திருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்புக் கட்டிகளைக் கையால் பொறுக்கலாம். கடற்கரை நெடுகிலும் உவர் வேறு. உப்பு மிகுந்தால் வேர் குறுகிப்போகிறது. குறுகிய வேர் அதிக தூரம் தேடாது.

தேடுவது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தழைச்சத்து, வேர் உறிஞ்சும் தண்ணீரோடு மிதந்து வந்துவிடும். துத்தநாகமும் இரும்பும் அப்படி வருவதில்லை. அவை மண்ணில் நகரும் தூரம் சில மில்லிமீட்டர்தான். வேர்தான் அவை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வேர்த் தூவிகளும், வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் ஒரு வகைப் பூஞ்சையின் இழைகளும் இதற்காகத்தான் மயிரிழை போல மண்ணெங்கும் பரவுகின்றன.

போய்ச் சேர்ந்த பிறகு வேர் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதில்லை. பூட்டை உடைக்கிறது! நிலக்கடலை, உளுந்து, மிளகாய், பருத்தி போன்றவை வேர் நுனியிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டுச் சுற்றியுள்ள காரத்தை முறிக்கின்றன. கரையாத இரும்பை வேரின் மேல்தோலிலேயே கரையும் இரும்பாக மாற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நெல், கம்பு, சோளம் போன்ற புல் வகைகளின் வழி வேறு. அவை ஒரு விசேஷப் பொருளை மண்ணுக்குள் அனுப்புகின்றன. அது இரும்பைக் கொடுக்கு போலக் கவ்விப் பிடிக்கிறது. பிடித்த இரும்போடு சேர்த்து அதை வேர் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. துத்தநாகத்தையும் இப்படிப் பிடிக்க முடியும். 1976இல் ஜப்பானிய விஞ்ஞானி தகாகி, ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேரைக் கழுவிய நீரில் இந்தப் பொருளைக் கண்டார். வேர் என்பது உறிஞ்சும் குழாய் மட்டும்தான் என்று அதுவரை நினைத்தவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரே வயலில் இரண்டு பசி

இப்போது நம் ஊர் நெல்லுக்கு வருகிறேன். தஞ்சைத் தோழர்கள் சேற்றில் நடுகிறார்கள். நாம் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது விதைக்கிறோம். சிறு மழையில் முளைத்த பயிர் ஒரு மாதம், ஒன்றரை மாதம் மேட்டுப் பயிர் போல நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகிய பிறகுதான் தண்ணீர் கட்டுகிறோம். இந்த முறையில் பயிருக்கு அடுத்தடுத்து இரண்டு பசி வருகிறது.

முதல் பசி இரும்புக்கு. காய்ந்த காரமண்ணில் காற்றுப் புகுந்து இரும்பு முழுவதும் துருவாகவே கிடக்கிறது. நெல்லின் வேர் அந்தக் கவ்வும் பொருளைக் கொஞ்சமாகத்தான் கசியவிடும். பார்லி அளவுக்கு விடாது. ஆகவே இளங்குருத்து வெளுத்து மஞ்சளாகிறது. பிறகு மழை வந்து தண்ணீர் நிற்கிறது. சேற்றில் காற்று இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் காற்றுக்குப் பதிலாக அந்தத் துருவை வைத்தே சுவாசிக்கின்றன. அந்த வேலையில் துரு கரையும் இரும்பாக மாறுகிறது. தண்ணீர் கட்டிய சில நாளில் பயிர் பச்சை திரும்புவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “மழைத் தண்ணி பட்டதும் குளிர்ந்துபோச்சு” என்பார்கள். குளிர்ச்சியோடு இரும்பும் கிடைத்தது.

இரும்புப் பசி தீர்ந்ததும் துத்தநாகப் பசி ஆரம்பிக்கிறது. தண்ணீர் தேங்கத் தேங்க, சேற்றில் பைகார்பனேட்டும் கந்தகச் சேர்மங்களும் பெருகி, துத்தநாகத்துக்கு இன்னொரு பூட்டு விழுகிறது. கீழ் இலைகளில் பழுப்புத் துருப்புள்ளிகள், இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுப்பு, திட்டுத் திட்டாகக் குட்டைப் பயிர், தூர் கட்டாமை ஆகியவையே அடையாளம். இது வட இந்தியாவில் இமயமலையடிவாரத் தராய்ப் பகுதியில் “கைரா” நோய் என்று பேர் வாங்கியது. பூஞ்சையோ புழுவோ என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1966இல் பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தின் நேனே என்ற விஞ்ஞானி, இது துத்தநாகக் குறை என்று வயலிலேயே நிரூபித்தார். அதுவரை மருந்துக்குச் செலவழித்த காசெல்லாம் வீண்.

பார்த்து இனம் காண ஒரு வழி சொல்கிறேன். மஞ்சள் எந்த இலையில் முதலில் வருகிறது? இரும்பு ஒருமுறை இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து நகராது. ஆகவே குறை ஏற்பட்டால் புதுக் குருத்துத்தான் வெளுக்கும். கடலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரியும். தழைச்சத்து அப்படியல்ல. குறை வந்தால் பயிர் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே கீழ் இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். கீழ் இலையில் துருப்புள்ளி இருந்தால் துத்தநாகத்தைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். முடிவு சொல்ல மண் பரிசோதனை வேண்டும்.

கடலைக்கும் கம்புக்கும் உள்ள உறவு

சுண்ணாம்பு மண்ணில் கடலை வெளுப்பது நம் ஊரில் மட்டுமல்ல. வட சீனாவிலும் உண்டு. அங்கே ஜாங் ஃபூசோ என்ற விஞ்ஞானியின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்து 2000இல் வெளியிட்டது. தனியாக விதைத்த கடலை வெளுத்து நிற்கிறது. மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக விதைத்த கடலை பச்சையாக நிற்கிறது. சோளத்தை ஒட்டிய வரிசை நல்ல பச்சை, தள்ளிப் போகப் போக மஞ்சள். காரணம் என்ன? மக்காச்சோளம் புல் வகை. அதன் வேர் கசியவிடும் கவ்வும் பொருள் மண்ணில் இரும்பைக் கரைக்கிறது. கரைந்ததில் பக்கத்துக் கடலைக்கும் பங்கு கிடைக்கிறது. இரண்டு வேர்களுக்கும் நடுவே தடுப்பு வைத்துச் சோதித்தார்கள். கடலை மறுபடி வெளுத்தது. கடலைக் கொல்லையில் கம்பும் சோளமும் ஊடே விதைத்த நம் பாட்டன்மார்களுக்கு இந்த ரசாயனம் தெரியாது. பலன் தெரிந்திருக்கலாம்.

என்ன போடுவது, எதில் ஏமாறுவது

ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ. மணலோடு கலந்து சீராகத் தூவ வேண்டும். அதில் துத்தநாகம் நூற்றுக்கு 21 பங்கு, ஆக 2 கிலோவுக்குச் சற்று மேல். பயிர் எடுப்பது 100 கிராம். மீதியில் பெரும்பகுதியை மண் மறுபடி பூட்டிவிடும். ஆனாலும் ஒருமுறை போட்டது அடுத்த போகங்களுக்கும் ஓரளவு உதவும். மக்கிய சாணி எருவில் கலந்து ஒரு மாதம் வைத்துப் போட்டால் பூட்டு மெதுவாகத்தான் விழும். எருவின் அமிலங்களும் அந்தக் கவ்வும் வேலையைச் செய்கின்றன. டி.ஏ.பி.யோடும் சூப்பரோடும் கலந்து மட்டும் தூவாதீர்கள். மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக் கரையாத பொருளாகி, இரண்டுக்கும் நஷ்டம். “ஒரே வேலையாக முடித்துவிடு” என்று சொல்லும் நிலக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். தனியாகத் தூவினால் தனிக் கூலி என்பதையும் சேர்த்தே சொல்லலாம்!

நின்ற பயிருக்கு அவசரம் என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்துத் தெளிக்கலாம். இரும்புக்கு 10 லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதி. காரமண்ணில் அன்னபேதியை மண்ணில் போடுவது பணத்தைப் புதைப்பது. அது சீக்கிரமே துருவாகிவிடும். இலைமேல் தெளிப்பதே சரி. உவரல்லாத களர் நிலமானால் முதலில் ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எது போட்டாலும் நிற்காது.

கடையில் ஜிங்க் சல்பேட் என்று விற்பதில் மக்னீசியம் சல்பேட் கலப்படம் உண்டு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைப் பளிங்கு. மில்லில் காஸ்டிக் சோடா கையாண்ட தோழர்கள் இந்தச் சோதனையைச் செய்யலாம். உரத்தைத் தண்ணீரில் கரைத்து நீர்த்த காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கஞ்சி போல வெள்ளையாகத் திரளும். இன்னும் கெட்டியான காஸ்டிக்கை விட்டால் துத்தநாகத் திரள் கரைந்து தெளியும். மக்னீசியத் திரள் கரையாது. காஸ்டிக் கையைப் பொசுக்கும், ஜாக்கிரதை.

பாட்டில் வியாபாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பான லேபிளில் “சகல நுண்சத்தும்” என்று எழுதி, பையிலுள்ள ஜிங்க் சல்பேட்டைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். விவசாய இலாகாவே புதுக்கோட்டை குடுமியான்மலையில் பயிருக்குத் தகுந்தபடி நுண்சத்துக் கலவை தயாரிக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். நம் கடற்பாசியிலிருந்து எடுக்கும் திரவ உரமும் இப்போது பிரபலம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரையில் மிதவைகளில் பாசி வளர்க்கும் பெண்களையும், தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எடுக்கும் தாய்மார்களையும் நாம் அறிவோம். மண்டபத்திலுள்ள கடல்பாசி ஆராய்ச்சி நிலையம் இந்தச் சாற்றைப் பற்றி ஆராய்ந்திருக்கிறது. அதில் சாம்பல்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. துத்தநாகம் மிகச் சொற்பம். ஆகவே பாசிச் சாறு தெளித்தாயிற்று, ஜிங்க் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சாற்றுக்காக நாள் முழுவதும் உப்புநீரில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் கூலியையும் பாட்டில் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறொரு கூட்டத்துக்கான விஷயம்.

சர்க்கார் செய்ததும் செய்யாததும்

நாடு முழுவதும் சோதித்த மண்ணில் நூற்றுக்கு 36 பங்கு துத்தநாகக் குறை உள்ளது. தமிழ்நாட்டில் 60க்கு மேல். இது இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் வெளிவந்த கணக்கு. 2015இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. 12 அம்சங்களைச் சோதித்து அட்டை கொடுப்பது நல்ல காரியந்தான். ஆனால் எப்படி மண் எடுத்தார்கள்? அந்தத் திட்டத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. அதாவது 25 ஏக்கருக்கு ஒரு பிடி மண்! நம் ஜில்லா பெரும்பாலும் மானாவாரி. ஒரே செய்யில் இந்த மூலை உவர், அந்த மூலை நல்ல மண் என்றிருக்கும் ஊரில், பக்கத்து மூன்றாவது புஞ்சையின் மண்ணுக்கு எழுதிய சீட்டை வைத்து நம் பயிருக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். பட்டா இல்லாத வாய்மொழிக் குத்தகைக்காரனுக்கு அந்தச் சீட்டும் எளிதில் வருவதில்லை.

துருக்கியில் நடந்ததைப் பாருங்கள். நடு அனடோலியாவின் சுண்ணாம்பு மண்ணில் கோதுமை விளைச்சல் படுத்துக் கிடந்தது. 1993இல் சுக்குரோவா பல்கலைக்கழகத்தின் இஸ்மாயில் சக்மாக் குழு துத்தநாகமே காரணம் என்று காட்டத் தொடங்கியது. (அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது நேட்டோ இராணுவக் கூட்டணியின் விஞ்ஞான நிதி. குண்டுக்குப் போன காசில் ஒரு சிறு துளி கோதுமைக்கும் போயிருக்கிறது!) பிறகு உர ஆலைகள் மூட்டை உரத்திலேயே துத்தநாகத்தைச் சேர்த்துக் கொடுத்தன. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பத்தாண்டுக்குள் அப்படிப்பட்ட உரம் லட்சக்கணக்கான டன் பயன்பட்டது.

இது பயிரோடு நிற்கும் விஷயமுமல்ல. துத்தநாகம் இல்லாத மண்ணில் விளைந்த தானியத்திலும் துத்தநாகம் குறைவு. மூன்று வேளையும் சோறே கதி என்றிருப்பவர்களுக்கு அது எங்கிருந்து வரும்? கறியும் மீனும் பருப்பும் வாங்குகிறவர்களுக்குக் குறை தெரியாது. மீன் பிடிக்கும் கரையிலேயே நல்ல மீன் லாரி ஏறிப் போய்விடுகிறது. இரும்புக் கணக்கும் அப்படியே. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இதற்கு மண் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வயலில் அன்னபேதி தெளித்தால் அரிசியில் இரும்பு ஏறுவதும் கொஞ்சந்தான். தவிட்டோடு பாதி போய்விடுகிறது. பருப்பும் கீரையும் மீனும் வாங்கக் கூலி வேண்டும்.

ஊரில் செய்ய வேண்டியது

கண்மாய் வண்டல் நம் ஜில்லாவின் பழைய உரம். கரைந்து வந்த மேல்மண்ணும் மக்கிய தழையும் அதில் உண்டு. 2024 முதல் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கி விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம். டிராக்டர் வைத்திருப்பவர் மட்டும் அள்ளிக்கொண்டு போகாமல், சிறு நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் முறை வைத்துக் கொடுக்கும்படி கிராம சபையில் கிளைத் தோழர்கள் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் ஜிங்க் சல்பேட்டும் இலாகாக் கலவையும் விதைப்புக்கு முன்பே, ஆடி கடைசிக்குள் வந்து சேர வேண்டும். கார்த்திகையில் வந்தால் மண்ணில் போடும் காலம் போய்விடும்.

மண் எடுக்கும் காலம் சித்திரை, வைகாசி. ராஜபாளையம், மதுரை மில்களிலிருந்து திருவிழாவுக்கு ஊர் வரும் தோழர்கள் அதற்குள் வீட்டுக் கொல்லையின் மண்ணை எடுத்துவிடலாம். எரு கொட்டிய இடம், வரப்பு, மரநிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ போல அரை அடி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவிச் சேர்க்க வேண்டும். உவர்த் திட்டு மண்ணைத் தனியாக எடுங்கள், நல்ல மண்ணோடு கலக்காதீர்கள். நிழலில் உலர்த்தி, பங்கிட்டுப் பங்கிட்டு அரைக் கிலோவாக்கி, துணிப்பையில் கட்டி, சர்வே எண்ணும் போன போகத்துப் பயிரும் எழுதி, நுண்சத்தும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். மண்ணைத் தகர வாளியில் மட்டும் சேர்க்காதீர்கள். வாளியின் மேல் பூச்சு துத்தநாகந்தான். அது மண்ணில் ஒட்டினால், இல்லாத சத்து இருப்பதாகச் சீட்டு வந்துவிடும். பிளாஸ்டிக் வாளியோ, பனையோலைப் பெட்டியோ போதும்.